வெற்றுக் காகிதத்தோடு திரும்பிய சகோதரிக்கு

கேள்வி:

மேடம், எனக்கு வயது 39. கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 16 வருடமாகக் கேரளாவில் வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய் வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் சபையில் பெண்கள் கூடுகை நடந்தது. ‘கர்த்தர் எனக்குக் கொடுத்த தாலந்துகள்’ என்று மேலே அச்சடித்த காகிதத்தைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் எழுதச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த அக்கா பதினோரு வரி எழுதினார். பாட்டு, ஜெபம், உபசரிப்பு என்று வரிசையாக. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பாட வராது, மேடையில் பேச வராது, படிப்பும் எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. காகிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. தூக்கமும் குறைந்துவிட்டது. கடவுள் எனக்கு எதுவுமே கொடுக்கவில்லையா? கொடுத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்தவர்களிடம் உள்ள நல்லதைப் பார் என்றும் சொல்கிறார்கள். என் நாத்தனாரிடம் எனக்கு ஒரு நல்லதும் தெரியவில்லை. மகன் பத்தாவது படிக்கிறான், காலாண்டில் கணக்கில் ஃபெயில். அவனைப் பார்த்தாலும் கோபம்தான் வருகிறது.

பெயர் வேண்டாம், கம்பம் பள்ளத்தாக்கு.

(நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை வழக்கம்போல. இரண்டாவது முறை கையில் பென்சிலோடு. மூன்றாவது முறை, பென்சில் கோடு விழுந்த இடங்களை மட்டும். மொத்தம் ஏழு கோடு. தனக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல எழுதிய கடிதத்தில் ஏழு இடத்தில் நீங்களே உங்களைக் காட்டிக்கொடுத்திருக்கிறீர்கள். ஏழையும் இங்கே சொல்ல இடமில்லை. மூன்றைச் சொல்கிறேன்.

இரண்டாம் பக்கத்தில் மகனுக்குக் கணக்கு வரவில்லை என்று நொந்துகொள்கிறீர்கள். “என் ரத்தம்தானே, எனக்கும் கணக்குன்னா ஆகாது” என்கிறீர்கள். அதற்குப் பத்து வரி தள்ளி, வேறு எதையோ சொல்ல வந்த இடத்தில் இது இருக்கிறது: “சாயங்காலம் எடை போடும்போது கணக்கு எழுதுற பையன் தடுமாறினா என்னைத்தான் கேப்பான். மத்தியானத்துக்கு முன்னே எத்தனை, பின்னே எத்தனைன்னு பதினாலு பேரு கணக்கும் வாயிலயே இருக்கும்.” பதினான்கு பேர், ஆளுக்கு இரண்டு எடை, ஆக 28 எண்கள். காகிதம் இல்லாமல் தினமும் அதைத் தலையில் வைத்திருப்பவர் தனக்குக் கணக்கு ஆகாது என்கிறார். எனக்கு எங்கள் வீட்டுப் பால் கணக்கே மாதக் கடைசியில் நிற்காது.

மூன்றாம் பக்கத்தில் மழைக்காலம் வருகிறது. “புதுசா வந்த பிள்ளை காலெல்லாம் அட்டை ஏறிடுச்சுன்னு அழுதுச்சு. பிய்க்காதன்னு சொல்லி, உப்பு வச்சு எடுத்துவிட்டேன். ரெண்டு நாள் என் நிரையிலயே பக்கத்துல வச்சுக்கிட்டேன். அதெல்லாம் ஒரு வேலையா?” இந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

மூன்றாவதை நீங்கள் குறையாகவே எழுதியிருக்கிறீர்கள். கூலி பேசப் போனாலும், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குப் போனாலும், “எனக்கு மலையாளம் வரும்னு என்னையே முன்னால தள்ளிவிடுறாங்க.” அந்த ஜீப்பில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் மலையாளம் தெரியாது என்பதை நான் நம்பமாட்டேன். 16 வருடம் மலை ஏறி இறங்கினால் எல்லாருக்கும் கொஞ்சம் வரும். டாக்டரிடமும் முதலாளியிடமும் கோபப்படாமலும் கூழைக் கும்பிடு போடாமலும் பேச உங்களுக்கு வருகிறது. முன்னால் தள்ளுகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு மருத்துவ முகாமுக்காக உடும்பஞ்சோலைப் பக்கம் போயிருந்தபோது, ஏலக்காய் எடுப்பதை அரைநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். உங்களுக்கு இது பழைய கதை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். செடி ஆளை மறைக்கிற உயரத்துக்கு நிற்கும். காயோ தரையோரத்தில், தூரிலிருந்து படர்ந்து கிடக்கும் சரத்தில் இருக்கும். குந்திக்கொண்டுதான் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் பூவும் உண்டு, பிஞ்சும் உண்டு, முற்றிய காயும் உண்டு. பிஞ்சை எடுத்தால் காயும்போது சுருங்கிவிடும். பழுக்கவிட்டால், காயவைக்கிற ஸ்டோரில் வெடிக்கும். உள்ளே விதை கறுத்திருக்க வேண்டும், வெளியே தோல் பச்சையாகவே இருக்க வேண்டும், அந்தப் பதத்தில் கை வைக்க வேண்டும். தோலை உரிக்காமல் விதை கறுத்தது எப்படித் தெரியும் என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். “தெரியும்” என்றார். அவ்வளவுதான். என் கேள்வியே அவருக்குப் புரியவில்லை. பேரன் காதுகுத்து பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார், கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆசைக்கு நானும் ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தேன். அதில் பாதியை ஒன்றும் சொல்லாமல் ஒதுக்கிவைத்தார். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும், பிஞ்சு கலந்தால் அதுவும் குறையும். போடியிலும் புற்றடியிலும் ஏலம் கேட்கிற வியாபாரிகளின் லாபம் அந்த அம்மாவின் விரலிலிருந்து தொடங்குகிறது. அவரைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைக் கொடுத்திருந்தால் அவரும் வெறுமனேதான் திருப்பிக் கொடுத்திருப்பார்.

தூக்கணாங்குருவிக் கூட்டையும் கரையான் புற்றையும் தேன்கூட்டையும் சிலந்தி வலையையும் காட்டி, ‘எல்லார்க்கும் ஒவ்வொன்று எளிது’ என்று முடியும் ஔவையார் வெண்பாவைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தன் வல்லமையைப் பற்றிப் பெருமை பேசாதே என்பதற்காக அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது ‘எளிது’ என்ற சொல். சிரமப்பட்டு வருவதைத்தான் நாம் திறமை என்று எண்ணுகிறோம். சிரமமில்லாமல் வருவதை, இதை யார்தான் செய்யமாட்டார்கள் என்று தள்ளிவிடுகிறோம். குருவியிடம் போய் உன் திறமை என்ன என்று கேட்டால், அது தேன் எடுக்கத் தெரியவில்லையே என்றுதான் அழும்.

இது உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955-ல் ஒரு நாலு கட்டப் படம் போட்டார்கள். இருவர் பெயரையும் ஒட்டவைத்து அதை ஜோஹாரி ஜன்னல் என்பார்கள். எனக்கும் பிறருக்கும் தெரிந்த நான் ஒரு கட்டம். எனக்கு மட்டும் தெரிந்த நான் இன்னொரு கட்டம். மூன்றாவது, பிறருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத நான். நாலாவது யாருக்குமே தெரியாதது. மூன்றாவது கட்டத்தில் குறைகள் மட்டும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களைப் பார்த்தால், அங்கே நல்லதுதான் அதிகம் கிடக்கிறது. உங்களைத் தனியாக உட்காரவைத்து, பத்து நிமிடம் கொடுத்து, எழுது என்றால் அந்தக் கட்டம் திறக்காது. கூடுகையை நடத்தியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் கேள்வியைத் தப்பான ஆளிடம் கேட்டுவிட்டார்கள். உங்களைப் பற்றி அந்தப் புதுப் பிள்ளையிடம் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது தாலந்துக்கு வருகிறேன். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை, ஆனால் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். வேதபாட வகுப்பில் தூங்கினால் ஸ்கேல் பறந்து வரும் என்பதால் நிறையவே நினைவிருக்கிறது. மத்தேயு 25-ல் எஜமான் ஒருவனுக்கு ஐந்து தாலந்தும், ஒருவனுக்கு இரண்டும், ஒருவனுக்கு ஒன்றும் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒன்று வாங்கியவனைக் கேட்டதும் நமக்குப் பாவமாக இருக்கும், பாவம் கொஞ்சம்தான் கிடைத்தது என்று. தாலந்து என்பது அந்தக் காலத்து எடை, அந்த எடை வெள்ளியையும் அதே பெயரால் சொன்னார்கள். ஒரு தாலந்து 6,000 தினாரிக்குச் சமம். ஒரு தினாரி என்பது கூலிக்காரனின் ஒரு நாள் சம்பளம், அதுவும் மத்தேயுவிலேயே திராட்சத் தோட்டக் கதையில் வருகிறது. நீங்கள் கூலி வாங்குகிறவர், கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 300 நாள் வேலை என்றால் 6,000 நாள் என்பது 20 வருடக் கூலி. நீங்கள் மலை ஏறத் தொடங்கியே இன்னும் 16 வருடம்தான் ஆகிறது. ஆக, ஒரே ஒரு தாலந்து வாங்கியவன் கையிலும் பெரிய முதல் இருந்தது. அதை வைத்து ஒன்றும் செய்யாமல் மண்ணில் புதைத்துவைத்தான். அதற்கு அவன் சொன்ன காரணம் பயம், கொடுத்தவர் கடினமானவர் என்ற பயம்.

அதே வேதத்தில் இன்னொரு பெண் இருக்கிறார். யோப்பா பட்டணத்துத் தபீத்தாள், தொற்காள் என்றும் பெயர். அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரம். அவர் இறந்ததும் பேதுருவைக் கூட்டிவருகிறார்கள். ஊர் விதவைகள் எல்லாரும் அழுதுகொண்டே, அவர் தைத்துக் கொடுத்த துணிகளைக் காட்டுகிறார்கள். அந்த அம்மா பாடினாரா, நன்றாகப் பேசினாரா என்று ஒரு வார்த்தை இல்லை. துணிகளைத்தான் காட்டினார்கள். யாத்திராகமத்தில் பெசலெயேல் என்ற கைவினைஞனையும் தேவ ஆவியால் நிரப்பியதாக வருகிறது. அவன் செய்தது பொன், வெள்ளி, வெண்கல வேலை, கல் பதிக்கிற வேலை, மரவேலை. கைவேலை கடவுள் கொடுத்த வரத்தில் சேராது என்று உங்களுக்கு யார் சொன்னது?

திறமை வேறு, குணம் வேறு என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பாட வருவது திறமை. பாட வராத பிள்ளையையும் கூட நிறுத்திப் பாடவைப்பது குணம். கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்ற இரு உளவியலாளர்கள், பல நாட்டுச் சமயங்களிலும் தத்துவங்களிலும் எந்தெந்தக் குணங்களை மனிதர்கள் மதித்திருக்கிறார்கள் என்று தேடி, 2004-ல் 24 குணங்களை ஆறு பிரிவாக அடுக்கினார்கள். அன்பு, நேர்மை, விடாமுயற்சி, நன்றி, மன்னிப்பு, முன்யோசனை, நகைச்சுவை, நம்பிக்கை எல்லாம் அதில் உண்டு. அடுத்தவர் மனநிலையை அறிந்து நடப்பதும் அதில் தனியாக ஒரு குணம். மேடையேறத் தெரிவது அந்தப் பட்டியலில் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த 24-ஐயும் தமிழில் தட்டச்சு செய்து, வருகிறவர்களிடமெல்லாம் கொடுத்து டிக் அடிக்கச் சொல்வேன். மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன். படித்தவர்கள் இருபதுக்கு மேல் டிக் அடித்தார்கள். உங்களைப்போல உள்ளவர்கள் பேனாவையே தொடவில்லை. இரண்டிலும் எனக்கு ஆளைத் தெரியவில்லை.

அதற்குப் பதிலாக இப்போது ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். ராத்திரி படுக்கும் முன் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்று யார், எதற்காக என்னைத் தேடி வந்தார்கள்? ‘கணக்குப் பையன், எடை கேட்க.’ ‘பக்கத்து வீட்டு அக்கா, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கிற ஃபாரத்தைப் பார்க்கச் சொல்லி.’ அப்படி எழுதினால் போதும். என் திறமை, என் வரம் என்ற பேச்சே வேண்டாம். மனிதர்களுக்கு வாயைவிடக் கால் உண்மை பேசும். காசு விஷயம் என்றால் ஒருவர் வாசலுக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேறொருவர் வாசலுக்கும் தன்னால் போவார்கள். மூன்று வாரம் எழுதிவிட்டு மொத்தமாகப் படியுங்கள். திரும்பத் திரும்ப வருவது எது என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம், நம்பிக்கையான இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். ‘என்கிட்ட என்ன நல்லது இருக்கு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘உனக்கு நல்ல மனசு’ என்பார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ‘நான் இருந்தது உனக்கு உதவியா இருந்த ஒரு நாளைச் சொல்லு’ என்று கேளுங்கள். நாளைச் சொன்னால் நடந்தது வரும், நடந்ததைச் சொன்னால் குணம் தானாக வெளியே வரும். கூச்சமாகத்தான் இருக்கும். ஜீப் மேட்டில் ஏறும்போது, எல்லாரும் அரைத்தூக்கத்தில் இருக்கிற நேரத்தில் கேட்டுவிடுங்கள்.

நல்ல மனசு என்ற சொல்லோடு எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு மூத்த நர்ஸ் ஓய்வுபெற்றார். 11 வருடம் அவரோடு வேலை பார்த்தவள் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். தங்கமான மனசு, பொறுமையின் சிகரம் என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த அம்மா யாருடைய பேச்சையோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் வாட்ச்மேன் மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துச் சொன்னார்: “ராத்திரி டூட்டியில சிஸ்டர் வார்டைத் தாண்டும்போது செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்குவாங்க. சத்தத்துல யாரும் முழிச்சுடக் கூடாதுன்னு.” அந்த அம்மா அப்போதுதான் அழுதார். 11 வருடத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. மனிதர்களைப் படிப்பதுதான் என் தொழில், சம்பளமும் அதற்குத்தான் வாங்கினேன்.

அடுத்தவரிடம் நல்லதைப் பார்ப்பது என்றால் எனக்கு அன்றிலிருந்து அந்தச் செருப்புதான். உங்கள் மலையிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. ஞள்ளானி என்ற ஏல ரகத்தின் தட்டையை (பக்கக் கன்றை) நட்டிருப்பீர்கள். அந்த ரகத்தைக் கொண்டுவந்தவர் இடுக்கியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி. தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த தூர்களைக் கவனித்துத் தேர்ந்தெடுத்து, தட்டை பிரித்து நட்டுப் பெருக்கினார். பழைய ரகங்களைவிடப் பல மடங்கு காய்த்து, இடுக்கி முழுக்கப் பரவியது. அந்தக் காய்ப்பு செடிக்குள் ஏற்கெனவே இருந்தது. நின்று கவனிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

சரி, நாத்தனார். அவரைப் பற்றி ஒன்றேகால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் ஊற்றும்போது வந்து நிற்கிறார், இத்தனை எதற்கு என்கிறார். துணிக்கடைப் பையைக்கூட மடித்துப் பெட்டியில் வைக்கிறார். நீங்கள் வாங்கிவரும் காய்கறிக்கு விலை கேட்டுவிட்டு, இன்னொரு கடையில் குறைவு என்கிறார். எரிச்சல் வரத்தான் செய்யும், எனக்குப் படிக்கும்போதே வந்தது. அதற்கு நடுவில் அரை வரி: “வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செஞ்சப்ப சீட்டுப் பணத்தை எடுத்துக் குடுத்தாங்க, அதையும் சொல்லிக்காட்டுவாங்க.” துணைவரை இழந்து தம்பி வீட்டில் இருக்கும் பெண்ணிடம் அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது? எண்ணெயை எண்ணி எண்ணித்தான் சேர்ந்தது. உங்களை வதைக்கிற குணமும் அன்றைக்கு உங்களை வட்டிக்காரரிடம் போகவிடாமல் காத்த குணமும் ஒன்றுதான். முன்யோசனை அளவு மீறினால் நச்சரிப்பாகத் தெரிகிறது. வீட்டுக்குள் நம்மை எரிச்சலூட்டுகிற பல விஷயங்கள் இப்படி அளவு மீறிய நல்ல குணங்களாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அது பொருந்தும். எல்லார் சுமைக்கும் முன்னால் போய் நிற்பது அளவு மீறினால், சபையில் உட்கார்ந்து தன்னைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடத் தெம்பு இல்லாமல் போகும்.

அதற்காக நாத்தனாரைக் கட்டிப்பிடித்துப் பாராட்டச் சொல்லவில்லை. நடிப்பு உடனே தெரிந்துவிடும். ஒரு நாள் அடுப்படியில் இருக்கும்போது, போகிற போக்கில், “மதினி, அன்னிக்கு நீங்க பணத்தைக் கொண்டாந்து வைக்கலேன்னா நாங்க வட்டிக்குத்தான் போயிருப்போம்” என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். “இப்பத்தான் தெரியுதாக்கும்” என்றுதான் முதலில் சொல்வார். சொல்லட்டும். பதில் பேசாமல் வேலையைப் பாருங்கள்.

இதில் ஒரு எல்லை உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிக்கிறவர், குடித்துவிட்டு வந்து கேவலமாகப் பேசுகிறவர், கூலிப் பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறவர், இவர்களிடமும் நல்லதைத் தேடிக்கண்டுபிடித்துப் பொறுத்துப்போ என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஒருவரிடம் நல்ல குணம் இருப்பது அவர் செய்கிற கொடுமைக்குக் கழிவு ஆகாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால்தான் நாத்தனார் விஷயத்தில் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறேன்.

மகன் விஷயம் சுலபம். ஞாயிற்றுக்கிழமையானால் ஜீப் பட்டறையில் போய்ப் படுத்துக்கிடக்கிறான், சட்டையெல்லாம் கிரீஸ் என்று திட்டியிருக்கிறீர்கள். கியர்பாக்ஸைப் பிரித்து அதே வரிசையில் திரும்பச் சேர்க்க அவனுக்குத் தெரியும் என்று பட்டறைக்காரர் சொன்னதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் திட்டுக்கு நடுவில். அதை அவனிடம் சொன்னீர்களா? சொல்லும்போது ‘நீ மூளைக்காரன்டா’ என்று சொல்லாதீர்கள். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், நீ புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகள் அடுத்து சுலபமான வேலையைத் தேடினார்கள், தோற்றால் சீக்கிரம் சோர்ந்தார்கள். நன்றாக முயற்சி செய்தாய் என்று கேட்ட பிள்ளைகள் கஷ்டமானதையும் எடுத்துப் பார்த்தார்கள். ஆகவே ‘எந்தப் பல்சக்கரம் முதல்ல வரணும்னு எப்படிடா ஞாபகம் வச்சிருந்தே?’ என்று கேளுங்கள். அவன் சொல்வான், நீங்கள் கேளுங்கள். ஐடிஐ-யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேரவும் பத்தாவது தேற வேண்டும் என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம். கணக்குக்கு டியூஷன் வைக்கும் முன் இன்னொன்றையும் செய்து பாருங்கள். பத்தாம் வகுப்பில் புள்ளியியல் என்று ஒரு பாடம் உண்டு, சராசரியும் திட்டவிலக்கமும் அதில் வரும். உங்கள் தலையில் இருக்கிற அந்த 28 எண்களை ஒரு சாயங்காலம் அவனிடம் ஒப்பித்து, கூட்டிச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். தன் அம்மாவுக்கு இது வரும் என்று அவனுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

கடைசியாகத் தூக்கம். இரண்டு மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை என்றும் ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வு நோய் வரும்போது தன்னைப் பற்றிய நல்லது கண்ணுக்கு மறைந்துபோகலாம். கோளாறு பார்வையில் இருக்கும், நாம் நம்மிடம்தான் ஒன்றுமில்லை என்று நம்பிக்கொள்வோம். ஆகவே இதைச் சும்மா விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் கூலி போகும் என்று யோசிப்பீர்கள். போனால் போகட்டும். இத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பேசியிருக்கிறீர்கள், இந்த முறை யாரையாவது உங்கள் கூட வரச்சொல்லுங்கள். அந்தப் புதுப் பிள்ளை வருவாள் என்று நினைக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். ராத்திரி எழுதிய வரிகளை அப்படியே பிரதி எடுத்து அனுப்பினால் போதும். இன்னொரு வேண்டுகோள். நாத்தனாரைப் பற்றி ஒன்றேகால் பக்கம் எழுதிய நீங்கள் ஒரு இடத்தில்கூட அவர் பெயரை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அச்சில் போடமாட்டேன்.